எட்டுக்கு இரண்டு வாங்கிய கட்டுரை

ஆசிரியர்களாகிய நீங்கள் எல்லோரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள். மதிப்பெண் போடுவது எப்படி என்று பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கி வந்திருக்கிறீர்கள். எனக்கு அந்த பாக்கியம் இல்லை. பம்பாய் மாட்டுங்காவில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் பாதி ஆயுளைச் சிவப்புப் பேனாவோடு கழித்துவிட்டு, செம்பூரில் ஒரு சர்வதேசப் பள்ளி நடுநிலை வகுப்புகளுக்கு ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, தலை நரைத்த பிறகு பயந்துகொண்டே போய்ச் சேர்ந்தவள் நான். அதனால் நான் சொல்வதில் சாஸ்திரம் குறைவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பள்ளியில் எல்லாம் சுலபம். நூற்றுக்கு இத்தனை. வரைபடத்தில் ஆறுகளுக்குப் பெயர் எழுதாவிட்டால் அரை மதிப்பெண் போச்சு. அடிக்கோடு போடாவிட்டால் கால். கருணையும் கஞ்சத்தனமும் எங்கள் பேனா முனையில்தான் இருந்தன, யாரும் கேள்வி கேட்டதில்லை. புதிய பள்ளிக்குப் போனால் நூறு என்ற எண்ணையே யாரும் உச்சரிக்கவில்லை. ஒவ்வொரு பாடத்திலும் நான்கு திறன்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டுக்கு எத்தனை என்று போட வேண்டும். எந்த எண்ணுக்கு என்ன தரம் என்று வாக்கியம் வாக்கியமாக எழுதிவைத்த ஓர் அட்டவணை உண்டு, அதற்கு ரூப்ரிக் என்று பெயர். பிறகு நான்கையும் கூட்டி, அதை ஏழுக்கு ஓர் எண்ணாக மாற்றுவார்கள். முதல் மாதம் எனக்குத் தலை சுற்றியது. பெற்றோருக்கு அதைவிட அதிகமாகச் சுற்றியது. மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு பாலக்காட்டு அப்பா, மகனுக்கு ஏழுக்கு ஐந்து என்று கேட்டவுடன் கால்குலேட்டரை எடுத்துத் தட்டி, "எழுபத்தொண்ணுதானா? எங்காத்துல யாரும் எண்பதுக்குக் கீழே வாங்கினதே இல்லையே" என்று ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்குச் சமாதானம் சொன்னேன். உள்ளூர எனக்கும் அதே கால்குலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

எங்களுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். சான்பாடாவில் வீடு. குரல் எப்போதும் கரகரவென்று இருக்கும், நடை ரயிலைப் பிடிக்கப் போகிறவள் நடை. மற்றவர்கள் முன்னால் என்னை "மிஸ்" என்பாள், தனியாக இருந்தால் "மாமி". வருஷ ஆரம்பத்தில் வாங்கிய எண்ணையும் வருஷக் கடைசியில் வாங்கிய எண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன், பழைய பழக்கம். அவள் சிரித்தாள்.

"மாமி, நான் காலேஜ் சேர்ந்த புதுசுல கூட்டத்துல ஏறத் தெரியாம குர்லாவுல வண்டி வண்டியா விட்டுட்டு நின்னுண்டிருப்பேன். இப்போ கண்ணை மூடிண்டு ஏறிடறேன். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா, நான் இன்னிக்கும் பாதி பிளாட்ஃபார்ம்லயும் பாதி வண்டியிலயும் இல்ல நிக்கணும்?"

அன்றோடு சராசரியை விட்டேன். இப்போது பிள்ளைக்கு என்ன முடியும் என்பதுதான் கேள்வி. இதை நீங்கள் பயிற்சியில் இரண்டு நாள் படித்திருப்பீர்கள், எனக்கு அவள் குர்லா ஸ்டேஷனை வைத்து இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

இன்று சொல்ல வந்தது அவளைப் பற்றியும், நஸ்ரின் என்ற மாணவியைப் பற்றியும்.

நஸ்ரின் எட்டாம் வகுப்பு. பள்ளியில் சில சலுகை இடங்கள் உண்டு. கட்டணம் முக்கால்வாசி தள்ளுபடி, ஆனால் நிபந்தனை கடுமை. எந்தத் திறனிலும் எட்டுக்கு மூன்றுக்குக் கீழே போகக் கூடாது, போனால் அடுத்த வருஷம் இடம் இல்லை. அப்படி ஓர் இடத்தில் வந்தவள் அவள். சேர்க்கையின்போது அவள் வாப்பாவுக்குத் தமிழும் பம்பாய் ஹிந்தியும்தான் வரும் என்பதால் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். போகும்போது என்னைத் தனியாக ஓரமாகக் கூட்டிப்போய், "டீச்சர், ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனச்சுக்கிடாதீங்க. வீடு தாராவின்னு பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்னு எம்மவ சொல்லுதா. மாஹிம்னு சொல்லிக்கிடுதேன்னா. சின்னப் பிள்ளை, ஆசைப்படுதா. நீங்களும் ஒண்ணுஞ் சொல்லிக்கிட வேண்டாம்" என்றார். நான் தலையாட்டினேன். பொய் என்றும் சொல்ல முடியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாஹிம், இந்தப் பக்கம் தாராவி. பள்ளிப் பேருந்தில் மாஹிம் நிறுத்தத்தில் இறங்கி, பேருந்து கண்ணுக்கு மறைந்த பிறகு ரோட்டைக் கடந்து நடந்து போவாள்.

எட்டாம் வகுப்பில் சமூகத் திட்டம் என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒரு சமூகத்தின் தேவையைக் கண்டறிந்து, அதற்கு ஏதாவது செய்து, முடிவில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். அந்த வருஷம் நஸ்ரினின் குழு கையைத் தூக்கி வாக்கெடுத்துத் தேர்ந்தெடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? தாராவிப் பெண்களுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுப்பது. அதிலும் ஏதோ ஒரு தெரு இல்லை, ஒரு மகளிர் குழு ஏற்பாடு செய்து கொடுத்த தெரு, அவள் வீடு இருக்கும் தெரு. அது அவள் தெரு என்பது எனக்கு அப்போது தெரியாது. தாராவி என்றதும் அவள் முகம் வெளுத்ததை மட்டும் பார்த்தேன். குழுவை மாற்றித் தரட்டுமா என்று ஜாடையாகக் கேட்டேன். "வேணாம் மிஸ், மாத்துனா ஏன்னு கேப்பாங்க" என்று சொல்லிவிட்டாள். போனார்கள், அட்டையில் படம் வரைந்து காட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள், புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பள்ளியின் சுவரில் அந்தப் புகைப்படங்கள் வண்ண வண்ணமாக மாட்டப்பட்டன.

பிறகு கட்டுரைகள் வந்தன. திருத்தியவன் ஆனந்த். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பையன், வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். நல்லவன், உழைப்பாளி. அவனைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. அவன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஒருவர் திருத்தியது சரியா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட்டுரைகளில் பெயர் இருக்கும் இடத்தை, திருத்துகிறவர் கைக்குப் போகும் முன்பே மஞ்சள் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவார்கள். மூன்று பேர் தனித்தனியாகப் படித்து, கையிலுள்ள சின்ன வெள்ளைப் பலகையில் எண்ணை எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லோரும் முடித்ததும் ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் பேசித் தீர்க்க வேண்டும். எழுதியது யார் என்று கையெழுத்தை வைத்துத் தெரிந்துவிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருங்கிணைப்பாளர் இந்த விஷயத்தில் ராட்சசி. முதல் முறை பலகையைத் திருப்பும்போது ரேடியோவில் லாட்டரி முடிவு கேட்பது மாதிரி எனக்கு நெஞ்சு படபடத்தது. பிறகு அதில் ஒரு ருசியே வந்துவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு நான் எதற்கு ஏங்குகிறேன் என்று கேட்டால், அந்தச் சின்ன அறை, ஒழுகும் ஏ.சி.க்குக் கீழே வைத்த பக்கெட், நடுவில் ஒரு தட்டு சமோசா, கவிழ்த்து வைத்த மூன்று பலகைகள்.

வெள்ளிக்கிழமை. மாலை எண்களைக் கணினியில் ஏற்றிப் பூட்ட வேண்டும், பூட்டினால் பிறகு தொட முடியாது. முதல் சில கட்டுரைகளில் பிரச்சினை இல்லை. பிறகு ஒன்று வந்தது. பலகைகளைத் திருப்பினோம். ஆனந்த் இரண்டு. ஒருங்கிணைப்பாளர் ஐந்து. நான் ஏழு.

அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. கட்டுரை ஆங்கிலத்தில் சின்னதாக இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"எங்கள் திட்டம் வெற்றி பெறவில்லை. ஓடும் தண்ணீரில் கை கழுவுங்கள் என்று அட்டையில் எழுதியிருந்தோம். அந்தத் தெருவில் தண்ணீர் ஓடாது. விடியற்காலையில் கொஞ்ச நேரம் வரும், டிரம்மில் பிடித்து வைத்து நாள் முழுக்க மொண்டு கழுவுவார்கள். அவர்களுக்குக் கை கழுவத் தெரியும். எங்கள் மனம் நோகக் கூடாது என்று அவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் குறிக்கோள் ஒரு பழக்கத்தை மாற்றுவது. ஒரு பழக்கமும் மாறவில்லை. இந்த இடத்தைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. என் வகுப்பு இந்த இடத்தை எப்படிப் பார்க்கிறது என்பதைக் கற்றுக்கொண்டேன்."

"ரெண்டா ஆனந்த்?" என்றாள் ஒருங்கிணைப்பாளர்.

"மேடம், 'ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை'ன்னு எழுதியிருக்கே. ரூப்ரிக்ல என்ன கத்துக்கிட்டாங்கன்னுதானே கேக்கறோம்? அட்டிட்யூட் பாருங்க. அந்த லேடீஸ் எவ்வளவு அன்பா இருந்தாங்க, நானும் கூடப் போனேன். இதுல நன்றியே இல்ல. மத்த பசங்க எல்லாம் எவ்வளவு உருகி எழுதியிருக்காங்க தெரியுமா?"

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு என்று பூட்டினால் அந்தப் பெண் அடுத்த வருஷம் இந்தப் பள்ளியில் இல்லை. அது ஆனந்துக்குத் தெரியாது, யார் கட்டுரை என்றே அவனுக்குத் தெரியாதே. நான் ஒருங்கிணைப்பாளரை நடைக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இதோ பாரு, இது யாருன்னா..."

"பேரைச் சொல்லாதீங்கோ மாமி."

"உனக்குத் தெரியாது, இந்தப் பொண்ணு..."

"வேண்டாம்! நீங்க சொல்லிட்டா நான் பாவப்பட்டு நம்பர் போட வேண்டியிருக்கும். பாவப்பட்டுப் போட்ட நம்பர் அந்தக் குழந்தைக்கு எதுக்கு? இந்தக் காகிதத்துல இருக்கறதை வெச்சு என்கிட்ட சண்டை போடுங்கோ. ஜெயிச்சா போடறேன்."

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு இவ்வளவு விரதமா என்று பட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். நடந்து வந்த அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் யோசித்தேன். நஸ்ரின் யார், வீடு எங்கே என்று நான் சொல்லியிருந்தால், அவள் வருஷக்கணக்காகக் கட்டிக் காப்பாற்றிய ரகசியத்தை ஒரு சமோசாத் தட்டுக்கு முன்னால் போட்டு உடைத்திருப்பேன். "பாவம், தாராவிப் பெண்" என்று ஒரு மூன்று போட்டிருப்பார்கள். இடம் தப்பியிருக்கும். கட்டுரை செத்திருக்கும்.

"ஆனந்த், நீ ஏழு போட்ட ஒண்ணை எடு. பக்கத்துல வை" என்றேன்.

எடுத்தான். அழகான ஆங்கிலம். அந்தப் பெண்களின் புன்னகையை வாழ்நாளில் மறக்க முடியாது, எனக்குக் கிடைத்திருக்கும் வசதிகளுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொண்டேன், எங்கள் திட்டம் மாபெரும் வெற்றி.

"ரூப்ரிக்ல முதல் வரியைப் படி."

"வகுத்துக்கொண்ட குறிக்கோளோடு ஒப்பிட்டு, செய்த செயலின் தரத்தை மதிப்பிடுகிறார்."

"இந்த அழகான கட்டுரையில அது எங்கே இருக்குன்னு காட்டு."

தேடினான். பக்கத்தைத் திருப்பினான். மறுபடி முதலிலிருந்து பார்த்தான். காது சிவந்தது.

"இல்ல மிஸ்."

"இந்த ரெண்டு வாங்கின கட்டுரையில?"

அவன் அதைக் கையில் எடுத்து, இந்த முறை உதடு அசையப் படித்தான். அவன் படித்த விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதல் தடவை அவன் மரியாதை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். இப்போதுதான் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்கிறான். நம் ஊரில் வளர்ந்த எல்லோரும் செய்கிற தப்பு இது. பிள்ளை பணிவாக எழுதினால் மனசு குளிர்ந்து ஓர் எண் கூடப் போட்டுவிடுகிறோம். உண்மை சொன்னால் வாய்த்துடுக்கு என்கிறோம்.

"எல்லா வரியும் இதுலதான் இருக்கு" என்றான். பிறகு அவனே, "அப்போ நான் மத்ததெல்லாம் தப்பாப் போட்டிருக்கேன்" என்றான்.

இதை உயர்த்தினால் மற்றதெல்லாம் இறங்கியாக வேண்டும். இறங்கினால் திங்கட்கிழமை பெற்றோர் வாசலில் நிற்பார்கள். அதில் ஒருவர் பள்ளிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவரின் மருமகள். ஒருங்கிணைப்பாளர் எழுந்து முதல்வர் அறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தும் அவள் கரகரத்த குரல் வெளியே கேட்டது. திரும்பி வந்து, "திங்கக்கிழமை காலம்பர வரைக்கும் டைம். நாளைக்கு வரேளா ரெண்டு பேரும்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமையை நான் என்றும் மறக்க மாட்டேன். செம்பூரில் பேய் மழை. யாருமில்லாத பள்ளிக்கூடம் எவ்வளவு அழகாக இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். ஆனந்த் முழங்கால் வரை நனைந்து, வடா பாவ் பொட்டலத்தை மட்டும் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். நான் பிளாஸ்க்கில் ஃபில்டர் காபி. மூவரும் அத்தனை கட்டுரைகளையும் மறுபடி முதலிலிருந்து படித்தோம், பலகை திருப்பினோம், சண்டை போட்டோம், சிரித்தோம். ஏழுகள் நான்காயின. ஆறுகள் சில மூன்றாயின. உருகி எழுதாத ஒரு மக்குப் பையன், சோப்பை யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை, ஏன் என்று நாங்கள் கேட்கவும் இல்லை என்று எழுதியிருந்தான், அவனுக்கு நான்கிலிருந்து ஐந்து. ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறோம் என்ற சந்தோஷம் என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வேறு என்றும் கிடைத்ததில்லை.

கடைசியாக அந்தக் கட்டுரைக்கு வந்தோம். நான் ஏழு, ஆனந்த் இப்போது எட்டு! ஒருங்கிணைப்பாளர் ஆறு.

"ஏண்டி ஆறு?" என்று கேட்டேவிட்டேன்.

"எது நடக்கலைன்னு சொல்லியிருக்கா. என்ன பண்ணியிருக்கணும்னு சொல்லலையே மாமி. ஏழுக்கு அது வேணும். கோபம் இருக்கு, வழி இல்லை."

வாதாடிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. ஆறு என்று பூட்டினோம். அப்போது எனக்கு வருத்தம்தான். இப்போது தோன்றுகிறது, அந்த ஆறு நேர்மையான ஆறு. யாரும் அவளுக்குப் பிச்சை போடவில்லை.

திங்கட்கிழமை பெற்றோர் வந்தார்கள், கத்தினார்கள், கட்டடத்து மருமகள் அழுதாள். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவரிடமும் ரூப்ரிக்கைக் கொடுத்து, உங்கள் பிள்ளையின் கட்டுரையில் இந்த வரியைக் காட்டுங்கள் என்றாள். சிலர் காட்ட முயன்றார்கள். சிலர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் திட்டினார்கள். ஒரு வாரத்தில் அடங்கியது.

அடுத்த சனிக்கிழமை மாணவர் நடத்தும் கூட்டம். ஆசிரியர் பேசக் கூடாது. பிள்ளையே பெற்றோரை அழைத்து வந்து உட்காரவைத்து, தன் வேலையைக் காட்டி, எனக்கு ஏன் இந்த எண் கிடைத்தது என்று விளக்க வேண்டும். நஸ்ரின் வாப்பாவை அழைத்து வருவாள் என்று காத்திருந்தேன். உம்மாவும் வந்திருந்தார். கறுப்புப் புர்கா, முகம் திறந்திருந்தது, கையில் துணிப்பை. இதுவரை பள்ளிப் படியே ஏறாதவர்.

நஸ்ரினுக்குத் தமிழில் எழுத வராது, அவர்களுக்கு ஆங்கிலம் வராது. எனவே அவள் ஒவ்வொரு வரியாகத் தன் வீட்டுத் தமிழில் வாயால் சொன்னாள். "நாங்க போனது ஒண்ணும் பிரயோசனப்படலன்னு எழுதிருக்கேன் வாப்பா. தண்ணி டிரம்முல இருக்கும்னு இவங்களுக்குத் தெரியல." கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். பிறகு குனிந்துகொண்டே அதையும் சொன்னாள். உம்மா என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். கை கழுவச் சொல்லித் தந்தாவல்லா, மொத வரிசையில உக்காந்திருந்தேன்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"எங்க தெருவுக்குத்தான் வந்தாவ. ஸ்கூல்லேருந்து வாராவன்னு இவ முந்துன நாளே வந்து அழுதா. நான் தெருவுல வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லி வச்சிட்டேன், யாரும் இவளப் பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது, தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடக் கூடாதுன்னு. சின்னப் பிள்ளையள்கூட வாயத் தொறக்கல டீச்சர். இவ எனக்குச் சோப்புத் தந்தா. 'ஆன்ட்டி, ஹாத் ஆகே'ன்னா. நான் கைய நீட்டினேன். என்ன செய்ய? பிள்ளைக்கு மார்க்கு உண்டுல்லா."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. சந்தை நிலவரம் சொல்வதுபோலச் சொன்னார். நஸ்ரின் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணீர் கட்டுரை மேல் விழுந்தது. ஒரு தெருவே சேர்ந்து எங்கள் 'எட்டுக்கு எத்தனை'க்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. அதைப் புகைப்படம் எடுத்து நாங்கள் சுவரில் மாட்டியிருந்தோம். கூட்டத்தில் ஆசிரியர் பேசக் கூடாது என்ற விதிக்கு அன்று நன்றி சொன்னேன், பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தார்கள், நானும் வாசல் வரை கூட வந்தேன். நடைக்கூடம் நிறையப் பிள்ளைகளும் பெற்றோரும். நஸ்ரினின் குழுவில் இருந்த ரியா, அப்பா அம்மாவோடு எதிரே வந்தவள், உம்மாவைப் பார்த்ததும் சந்தோஷமாக நின்றுவிட்டாள்.

"அரே, ஆன்ட்டி! ஆப் யஹாங்?" என்றாள். நீங்கள் இங்கே எப்படி?

உம்மா சட்டென்று ஓரமாக நகர்ந்தார். நஸ்ரினுக்கும் தனக்கும் நடுவில் இரண்டு பேர் நிற்கிற அளவு இடம் விட்டு, வழி தெரியாமல் வந்த வேற்றாள் மாதிரி சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். எவ்வளவு பழக்கமாகச் செய்தார்! வாப்பாவும் அப்படியே இரண்டடி பின்வாங்கினார். அந்த ஒரு நொடியை என்னால் தாங்க முடியவில்லை.

நஸ்ரின் அந்த இடைவெளியைக் கடந்து போய் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேரி உம்மா ஹை" என்றாள். "ஹம் வஹீ ரஹ்தே ஹை. உஸீ கலீ மே."

இவர் என் உம்மா, அந்தத் தெருவில்தான் எங்கள் வீடு. ரியா உம்மாவைப் பார்த்தாள், நஸ்ரினைப் பார்த்தாள். "தூ நே பதாயா க்யூங் நஹீ?" என்றாள். நீ ஏன் சொல்லவே இல்லை?

"தும் லோகோ நே பூச்சா ஹீ நஹீ" என்றாள் நஸ்ரின். நீங்கள் யாரும் கேட்கவே இல்லையே.

ரியாவின் முகம் சுருங்கியது. உம்மாவுக்கு ஹிந்தி நன்றாகவே தெரியும். மகளின் கையை வெடுக்கென்று உதறினார்.

"ஏட்டி, வீட்டுக்கு வந்த பிள்ளைகிட்ட இப்படியா பேசுவ? அது நல்ல மனசோடதானே வந்துச்சு. மொதல்ல அதை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு. ஆமா, ஸ்கூல் பைய எங்க? உள்ள போட்டுட்டு வந்துட்டியா? எத்தன தடவ சொல்லுதேன், கழுத்துல மாட்டிக்கோன்னு!"

நடைக்கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் திட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தா எடுத்துட்டு வாரேன் உம்மா" என்று அதைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டு, நஸ்ரின் உள்ளே ஓடினாள்.